பல்பின் மேல் பழி போடும் முன்: பழைய காரின் மங்கலான ஹெட்லைட்

கேள்வி இதுதான்: பதினைந்து வயதான கார், எச்4 ஹாலஜன் பல்பு (லோ பீம் என்ற டிம், ஹை பீம் என்ற பிரைட் இரண்டும் ஒரே பல்பில் இருக்கும் வகை). லோ பீம் மஞ்சளாகச் சோர்ந்து எரிகிறது. எதிரே வண்டி வந்துவிட்டால் ரோடே தெரிவதில்லை. இரண்டு முறை பல்பை மாற்றியும் சொல்லிக்கொள்ளும்படி வித்தியாசம் இல்லை. 100 வாட் பல்பு போடலாமா, இல்லை எல்இடிக்கு மாறிவிடலாமா?

இப்போதைக்கு இரண்டும் வேண்டாம். புதுப் பல்பு போட்டும் மாறவில்லை என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள், பாதி விடை அதிலேயே இருக்கிறது. பல்புக்குப் போக வேண்டிய மின்சாரம் முழுதாகப் போகவில்லை. அல்லது பல்பு தரும் வெளிச்சம் ஹெட்லைட்டின் முகப்புக் கண்ணாடியைத் தாண்டவில்லை. அல்லது தாண்டி வந்தும் ரோட்டில் விழ வேண்டிய இடத்தில் விழவில்லை. பழைய வண்டிகளில் இந்த மூன்றும் கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்துதான் இருக்கும். நான் மின்சாரத்திலிருந்துதான் ஆரம்பிப்பேன். காரணம், அங்கேதான் பெரிய இழப்பு ஒளிந்திருக்கும், அதைக் கண்ணால் பார்த்துக் கண்டுபிடிக்கவும் முடியாது.

ஹாலஜன் பல்புக்கு ஒரு குணம் உண்டு. வோல்டேஜ் கொஞ்சம் குறைந்தாலும் வெளிச்சம் அதைவிடப் பல மடங்கு குறையும். தோராயமாகச் சொன்னால் வோல்டேஜின் 3.4ஆம் அடுக்கில் வெளிச்சம் ஏறி இறங்கும். எச்4 பல்பின் அளவுகள் 13.2 வோல்ட்டில் வரையறுக்கப்பட்டவை: லோ பீமில் சுமார் 1000 லூமென் (வெளிச்சத்தை அளக்கும் அலகு), ஹை பீமில் 1650. பல்பின் காலில் 12.5 வோல்ட்தான் கிடைக்கிறது என்றால் 830 லூமென் ஆகிவிடும். 11.9 என்றால் 700. 11 வோல்ட்டுக்கு இறங்கிவிட்டால் ஏறக்குறைய பாதிதான் மிச்சம். பேட்டரியில் 13.8 இருக்கும்போதே பல்பில் 11.5 மட்டும் கிடைக்கும் பழைய கார்கள் அரிதல்ல.

இடையில் அந்த இரண்டு வோல்ட் எங்கே போகிறது? பழைய வடிவமைப்புகளில் ஹெட்லைட்டின் மொத்தக் கரண்டும் ஒரு நீண்ட ஊர்வலம் போகும். பேட்டரியிலிருந்து டேஷ்போர்டுக்குள் நுழைந்து, லைட் சுவிட்ச் வழியாக, ஸ்டியரிங் தண்டில் இருக்கும் டிம்–பிரைட் சுவிட்ச் வழியாக, ஃபியூஸ் பெட்டிக்குள் புகுந்து, மறுபடி பானட்டுக்கு வந்து, அப்புறம்தான் பல்பைத் தொடும். இரண்டு 55 வாட் பல்புகளுக்கும் சேர்த்துச் சுமார் 9 ஆம்பியர். வழியில் எல்லா இடத்தையும் சேர்த்து வெறும் 0.1 ஓம் தடை இருந்தாலே 0.9 வோல்ட் காணாமல் போகும். 0.75 சதுர மி.மீ. செம்பு வயர் ஐந்து மீட்டர் ஓடினாலே அந்த 0.1 ஓம் வந்துவிடுகிறது. பச்சை பூத்த டெர்மினல், தீய்ந்த சுவிட்ச் முனை, துருப்பிடித்த எர்த் (கரண்ட் பாடி வழியாகப் பேட்டரி நெகட்டிவுக்குத் திரும்பும் இணைப்பு) எல்லாம் அதற்கு மேல்.

சரி, அளப்பது எப்படி? சாதாரண டிஜிட்டல் மல்டிமீட்டர் போதும். எஞ்சினை ஓடவிட்டு லோ பீமைப் போடுங்கள். முதலில் பேட்டரியின் இரண்டு முனைகளுக்கு இடையே பாருங்கள். 13.8 முதல் 14.4 வரை இருந்தால் நல்லது. எஞ்சின் ஓடும்போதும் 12.6, 12.7 என்றே நிற்கிறது என்றால் எஞ்சின் ஓடும்போது மின்சாரம் தயாரிக்கும் ஆல்டர்னேட்டரோ அதன் பெல்ட்டோதான் பிரச்சினை. ஹெட்லைட்டை அங்கேயே விட்டுவிட்டு முதலில் அதைச் சரிசெய்யுங்கள்.

அடுத்து மீட்டரின் சிவப்பு முனையைப் பேட்டரி பாசிட்டிவில் வையுங்கள். கறுப்பு முனையைப் பல்பு ஹோல்டரின் பின்பக்கம், லோ பீமுக்கு வரும் வயர் உள்ளே நுழையும் ஓட்டை வழியாக மெல்லச் செருகி உள்ளே இருக்கும் பித்தளையைத் தொடுங்கள். மீட்டரில் தெரிவது அந்த வழியில் தொலைந்த வோல்டேஜ். அதேபோல ஹோல்டரின் எர்த் வயருக்கும் பேட்டரி நெகட்டிவுக்கும் இடையே பாருங்கள். ஒவ்வொரு பக்கமும் 0.2, 0.3 வரை இருந்தால் விட்டுவிடலாம். 0.5ஐத் தாண்டினால் அங்கே ஏதோ இருக்கிறது.

இந்த இடத்தில் பலர் ஏமாறுவார்கள், நானும் ஏமாந்திருக்கிறேன். ஹோல்டரைப் பல்பிலிருந்து கழற்றிவிட்டு அளந்தால் முழு 13.8 வோல்ட்டும் காட்டும். ‘கரண்ட் சரியாத்தானே வருது’ என்று மூடிவிடுவோம். கரண்ட் ஓடாத வயரில் இழப்பே இருக்காது. பல்பு மாட்டி, எரிந்துகொண்டிருக்கும்போது அளந்தால்தான் அது அளவு.

என்னுடைய பழைய காரில் இப்படி அளந்தபோது பேட்டரியில் 13.9 இருந்தது. பாசிட்டிவ் வழியில் 1.6, எர்த் வழியில் 0.5 போய், பல்புக்கு மிஞ்சியது 11.8. எர்த் வயரின் வளையம் ஃபெண்டருக்கு உள்ளே ஒரு போல்ட்டில் மாட்டியிருந்தது. எப்போதோ பெயின்ட் அடித்தவர் போல்ட்டைக் கழற்றாமல் அதன் மேலேயே அடித்துவிட்டுப் போயிருக்கிறார். கழற்றிப் பார்த்தால் வளையத்துக்கு அடியில் பெயின்ட்டும் துருவும் ஒரு பொருக்காக உட்கார்ந்திருக்கிறது. உப்புத்தாளால் தகடு வெள்ளையாகத் தெரியும்வரை தேய்த்து, வளையத்தையும் சுரண்டி, கொஞ்சம் வாசலின் தடவி இறுக்கினேன். பத்து நிமிட வேலையில் 0.5 வோல்ட் 0.1 ஆனது.

அறிகுறிகளை வைத்தே ஓரளவு ஊகிக்கலாம். ஒரு பக்கம் மட்டும் மங்கல் என்றால் அந்தப் பக்கத்து எர்த் அல்லது ஹோல்டர். இரண்டு பக்கமும் ஒரே மாதிரி மங்கல் என்றால் பொதுவான வழி, அதாவது சுவிட்ச், ஃபியூஸ் பெட்டி, மெயின் வயர். இண்டிகேட்டர் போட்டால் ஹெட்லைட்டும் கூடவே துடிக்கிறதா? பெரும்பாலும் எர்த்தான். ஹோல்டரைக் கழற்றும்போது பிளாஸ்டிக் பழுப்பேறி உருகியிருந்தால் அதைச் சுத்தம் செய்து மறுபடி மாட்டாதீர்கள். பிடி தளர்ந்த டெர்மினல் சூடாகும், சூடானதால் இன்னும் தளரும். வயருடன் வரும் செராமிக் ஹோல்டர் வாங்கி மாற்றிவிடுங்கள்.

பாசிட்டிவ் வழியில்தான் இழப்பு என்றால் அதற்கு வைத்தியம் ரிலே, அதாவது சின்னக் கரண்ட்டால் பெரிய கரண்ட்டைத் திறந்து மூடும் மின்காந்த சுவிட்ச். பேட்டரியிலிருந்து நேராகத் தடித்த வயர் ஒன்றை ரிலேவுக்கும், ரிலேயிலிருந்து பல்புக்கும் இழுக்கிறோம். பழைய சுவிட்ச் இனி பல்பை எரிக்காது. ரிலேவின் காயிலை (உள்ளே இருக்கும் கம்பிச் சுருளை) மட்டும் தூண்டிவிடும். அதற்கு ஆம்பியரில் சுமார் ஆறில் ஒரு பங்கு போதும். 9 ஆம்பியரைச் சுமந்து தீய்ந்துகொண்டிருந்த சுவிட்சுக்கு இது ஓய்வுக்காலம் மாதிரி.

ரிலேயின் அடியில் எண்கள் பொறித்திருக்கும். 30 என்பது பேட்டரியிலிருந்து ஃபியூஸ் வழியாக வரும் வயர். 87 பல்புக்குப் போவது. 85, 86 இரண்டும் காயில்: ஒன்றுக்கு எர்த், இன்னொன்றுக்குப் பழைய ஹெட்லைட் ஹோல்டரில் வந்துகொண்டிருந்த வயர். லோ பீமுக்கு ஒன்று, ஹை பீமுக்கு ஒன்று என இரண்டு ரிலே வேண்டும். 30 ஆம்பியர் ரிலே தாராளம். வயர் 2.5 சதுர மி.மீ.க்குக் குறையக் கூடாது. எர்த்துக்கும் அதே தடிமன். பாசிட்டிவை மட்டும் தடியாகப் போட்டு எர்த்தைப் பழைய மெல்லிய வயரிலேயே விட்டால் பாதி வேலைதான் செய்திருக்கிறீர்கள். ஃபியூஸ் பேட்டரி முனையிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் இருக்க வேண்டும். ரிலே பக்கத்தில் வைத்தால் நடுவில் வயர் எங்காவது உராய்ந்து பாடியைத் தொடும்போது தடுக்க ஆளிருக்காது, தீப்பிடிக்கும். முடிந்தால் இடது, வலது விளக்குகளுக்குத் தனித்தனி ஃபியூஸ் போடுங்கள். ஒன்று போனாலும் இன்னொன்று எரியும். நடுராத்திரியில் வளைவில் திரும்பும்போது இரண்டும் ஒன்றாக அணைவதைக் கற்பனை செய்து பாருங்கள்.

ரெடிமேடாக ரிலே செட்டே கிடைக்கிறது. வாங்கும் முன் மூன்று விஷயம் பாருங்கள். உங்கள் காரில் ஏற்கெனவே கம்பெனி ரிலே இருக்கலாம். அப்படியானால் அந்த ரிலேவையும் அதன் டெர்மினல்களையும் புதுப்பித்தாலே போதும். இரண்டாவது, பல ஜப்பானியக் கார்களில் பாசிட்டிவ் எப்போதும் பல்புக்கு வந்துகொண்டிருக்கும், சுவிட்ச் எர்த் பக்கத்தைத்தான் மாற்றும். அதில் சாதாரண செட்டை அப்படியே மாட்டினால் வேலை செய்யாது, ஹை பீம் சிக்னல் விளக்கும் குழம்பும். மூன்றாவது, புதிய தலைமுறைக் கார்களில் கம்ப்யூட்டரே பல்புக்குத் துடிப்பு துடிப்பாக மின்சாரம் விட்டு, எவ்வளவு கரண்ட் போகிறது என்றும் கண்காணிக்கும். அதில் இந்த ரிலே வேலையே கூடாது. உங்கள் கார் எந்த வகை என்று தெரியாவிட்டால் வயரிங் படத்தைப் பார்க்காமல் கை வைக்காதீர்கள்.

என் காரில் ரிலே போட்ட பிறகு மொத்த இழப்பு 0.3 வோல்ட். பல்பில் 13.6. அதே பழைய பல்பிலிருந்து முன்பைவிட 60 சதவீதம் கூடுதல் வெளிச்சம்! அதிக வாட் பல்பு போடவில்லை, எதிரே வருபவர் கண் கூசவில்லை. ஒரே குறை, பல்பின் ஆயுள் குறையும். வோல்டேஜ் 5 சதவீதம் ஏறினால் ஆயுள் ஏறக்குறைய பாதியாகிவிடும். அதுவரை குறைந்த வோல்டேஜில் எரிந்ததால்தான் அந்தப் பல்பு வருடக்கணக்கில் ‘உழைத்தது’.

100 வாட் பல்பு ஏன் வேண்டாம் என்றேன் என்பது இப்போது புரிந்திருக்கும். ஏற்கெனவே திணறும் வயரில் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு கரண்ட் போனால் இழப்பும் இரண்டு மடங்காகும், வயரிலும் ஹோல்டரிலும் சூடு நான்கு மடங்காகும். ரிலே போட்டுவிட்டு மாட்டினாலும் அந்தச் சூடு ரிஃப்ளெக்டரையும் (பல்பைச் சுற்றி ஒளியை முன்னால் திருப்பும் பளபளப்பான கிண்ணம்) பிளாஸ்டிக் முகப்பையும் வாட்டும். பல இடங்களில் சட்டத்துக்கும் புறம்பானது.

அடுத்தது முகப்பு. கண்ணாடி முகப்பு என்றால் மஞ்சளாகாது, கழுவினால் போதும். பாலிகார்பனேட் பிளாஸ்டிக் என்றால் தொழிற்சாலையில் பூசிய மேல்பூச்சு வெயிலில் உரிந்து, பிளாஸ்டிக் மஞ்சளாகிப் பால் போல மூடிக்கொள்ளும். வெளிச்சம் குறைவது ஒருபுறம். மிச்சமிருப்பதும் சிதறி எதிரே வருபவர் கண்ணில் விழுகிறது.

இதை வீட்டிலேயே சரிசெய்யலாம், பொறுமை மட்டும் வேண்டும். சுற்றியுள்ள பெயின்ட்டை மாஸ்கிங் டேப்பால் இரண்டு அடுக்கு மூடுங்கள். தண்ணீர் ஊற்றியபடி 800 நம்பர் வாட்டர் பேப்பரால் தேய்க்க ஆரம்பித்தால் மஞ்சள் சாறு வடியும். அது வெள்ளையாக மாறும்வரை நிறுத்தாதீர்கள். பழைய பூச்சு அங்கங்கே திட்டாக மிஞ்சினால் பின்னால் அது அப்படியே தெரியும். அப்புறம் 1500, 2000, 3000. ஒவ்வொரு நம்பருக்கும் தேய்க்கும் திசையை மாற்றுங்கள், முந்தைய கீறல் போய்விட்டதா என்று தெரியும். இந்தக் கட்டத்தில் முகப்பு முன்பைவிட மோசமாக, உறைந்த கண்ணாடி போல இருக்கும், பயப்பட வேண்டாம். பாலிஷ் போட்டதும் தெளிந்துவிடும். கடைசியில் புறஊதாக் கதிரைத் தடுக்கும் கிளியர் கோட் கட்டாயம். அதை விட்டால் சில மாதங்களில் மறுபடி மஞ்சள்தான். பற்பசை போட்டுத் தேய்த்தாலும் பளிச்சென்று ஆகும், சில வாரங்களுக்கு. கொசு விரட்டி ஸ்பிரே, தின்னர் போன்றவை மேல்பரப்பைக் கரைத்து மினுக்குக் காட்டி, பின்னால் நுண்விரிசல் விட வைக்கும். அந்தப் பக்கமே போகாதீர்கள்.

முகப்பு தெளிவாக இருந்தும் வெளிச்சம் வரவில்லை என்றால், பல்பைக் கழற்றிவிட்டு டார்ச் அடித்து உள்ளே ரிஃப்ளெக்டரைப் பாருங்கள். கண்ணாடி போல உங்கள் முகம் தெரிய வேண்டும். பல்புக்கு மேலே பழுப்புப் படலமோ சாம்பல் திட்டோ இருந்தால் அது முடிந்த கதை. அந்த அலுமினியப் பூச்சு ஒரு மைக்ரானைவிடவும் மெல்லியது. துணியால் துடைத்தால் துணியோடு வந்துவிடும். தூசி மட்டும் என்றால் காற்று ஊதலாம். குரோம் பூசித் தருகிறேன் என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். அலுமினியம் 90 சதவீதம் அளவுக்கு ஒளியைத் திருப்பும், குரோம் 60–65 சதவீதம்தான். முழு ஹெட்லைட்டை மாற்றுவதே வழி. மாற்றும்போது பல்புக்குப் பின்னால் வரும் ரப்பர் மூடியை மறக்காமல் போடுங்கள். பல்பு மாற்றியவர்கள் அவசரத்தில் அதைத் தூக்கி எறிந்துவிட்டுப் போவதுதான் உள்ளே ஈரமும் தூசியும் புகுந்து ரிஃப்ளெக்டர் சாவதற்குப் பெரும்பாலும் காரணம்.

இனி, யாரும் கவனிக்காத ஒன்று: விளக்கின் சாய்வு. லோ பீமின் மேல் விளிம்பு ரோட்டில் எவ்வளவு தூரத்தில் விழுகிறது என்பது சின்னக் கணக்கு. விளக்கு தரையிலிருந்து 65 செ.மீ. உயரம் என்று வையுங்கள். 1 சதவீதம் கீழே சாய்ந்திருந்தால் 65 மீட்டர் வரை வெளிச்சம் போகும். 2 சதவீதம் என்றால் 32 மீட்டர். 3 சதவீதம் என்றால் 22 மீட்டர். மணிக்கு 80 கி.மீ. வேகத்தில் அதை ஒரே நொடியில் கடந்துவிடுவீர்கள். எவ்வளவு விலை கொடுத்துப் பல்பு வாங்கினாலும் இந்த 22 மீட்டர் 23 ஆகாது.

சமதரையில், டயர் காற்று சரியாக வைத்து, டிரைவர் சீட்டில் ஒருவரை உட்கார வைத்து, காரைச் சுவரோடு ஒட்டி நிறுத்துங்கள். விளக்கின் மையம் சுவரில் எங்கே வருகிறதோ அங்கே டேப் ஒட்டி, நேராக 10 மீட்டர் பின்னால் எடுங்கள். லோ பீமின் மேல் விளிம்பு அந்த டேப்புக்கு 10 முதல் 13 செ.மீ. கீழே இருக்க வேண்டும். பல கார்களில் ஹெட்லைட்டின் மேலேயோ பானட்டுக்கு அடியிலோ 1.0%, 1.2% என்று பொறித்திருக்கும். அது இருந்தால் அதையே பின்பற்றுங்கள். திருப்ப வேண்டிய ஸ்க்ரூ ஹெட்லைட்டின் பின்னால் இருக்கும். அதைத் தொடும் முன் டேஷ்போர்டில் விளக்கின் உயரத்தை மாற்றும் உருளை இருந்தால் 0க்குக் கொண்டுவாருங்கள். எப்போதோ டிக்கி நிறைய லக்கேஜ் ஏற்றியபோது 3ல் வைத்துவிட்டு மறந்தவர்களை எனக்குத் தெரியும். அதில் ஒருவர் புது ஹெட்லைட்டே வாங்கிவிட்டார்!

சுவரில் விளிம்பே தெரியாமல் ஒரே புகையாக இருக்கிறதா? பல்பு சரியாக உட்காரவில்லை. எச்4 தட்டில் மூன்று காதுகள் இருக்கும். மூன்றும் பள்ளத்தில் படிந்து கம்பிக் கிளிப் இறுகியிருக்க வேண்டும்.

எல்இடி பற்றிக் கேட்டிருந்தீர்கள். எச்4 பல்பின் லோ பீம் இழைக்குக் கீழே ஒரு குட்டி உலோகக் கிண்ணம் இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். இழையின் ஒளி ரிஃப்ளெக்டரின் மேல் பாதியில் மட்டும் படட்டும் என்பதற்காக வைத்தது. ரிஃப்ளெக்டரின் ஒவ்வொரு வளைவும் அந்த இழை இருக்கும் புள்ளியை நம்பி வரைந்தது. அந்த இடத்தில் பட்டையாக இரண்டு பக்கம் சிப் வைத்த எல்இடியைச் செருகினால் ஒளி வேறெங்கிருந்தோ கிளம்புகிறது. ரோட்டில் வண்டிக்கு முன்னால் பத்து, பதினைந்து மீட்டர் பால் ஊற்றியது போல வெளுத்துத் தெரியும், ஆகா என்று தோன்றும். அந்தப் பளிச்சில் கண்ணின் பாவை சுருங்கி, தூரத்தில் இருப்பது முன்பைவிடக் குறைவாகத் தெரியும். எதிரே வருபவர் பாடு சொல்ல வேண்டாம். ஜெர்மனியில் 2020 முதல் சில எல்இடி பல்புகளை அனுமதித்திருக்கிறார்கள். அதுவும் சோதித்துப் பட்டியலில் சேர்த்த கார் மாடல்களுக்கு மட்டும். பொத்தாம் பொதுவாக ‘எல்லா காருக்கும்’ என்று விற்கும் பெட்டிக்கு அந்தத் தகுதி கிடையாது.

ஆக, பல்பு கடைசியில். மின்சாரமும் முகப்பும் சாய்வும் சரியான பிறகு, நல்ல கம்பெனியின் 60/55 வாட் ஹாலஜன் ஜோடி வாங்குங்கள். ஒன்றை மட்டும் மாற்றாதீர்கள். பெட்டியில் 130%, 150% கூடுதல் என்று போட்டிருப்பது பீமின் ஏதோ ஒரு புள்ளியை, சட்டம் கேட்கும் குறைந்தபட்சத்தோடு ஒப்பிட்ட கணக்கு. மொத்த லூமென் அப்படி ஏறுவதில்லை. ஆனாலும் அந்த வகையில் இழை சுருக்கமாக, கூடுதல் சூட்டில் எரிவதால் தூரத்துக்கு நல்ல வெளிச்சம் வரும், ஆயுள் குறைவு. நீலம் பூசிய பல்பு வேண்டவே வேண்டாம். அந்தப் பூச்சு வெளிச்சத்தை வடிகட்டித்தான் வெள்ளையாகக் காட்டுகிறது. மாட்டும்போது பல்பின் கண்ணாடியில் விரல் படக் கூடாது. பட்டால் ஸ்பிரிட் தொட்டுத் துடைத்துவிடுங்கள். விரலின் எண்ணெய் சூட்டில் அந்த இடத்தைச் சுட்டுப் பல்பைச் சீக்கிரம் கொல்லும்.

இதெல்லாம் முடித்துவிட்டு ஒரு இரவு ஓட்டிப் பாருங்கள். எதிரே விளக்கு வரும்போது மட்டும் எல்லாம் மூடிக்கொள்கிறது என்றால், முன்கண்ணாடியின் உட்பக்கத்தை விரலால் ஒரு கோடு இழுத்துப் பாருங்கள். டேஷ்போர்டு பிளாஸ்டிக் வெயிலில் கக்கும் எண்ணெய்ப் படலம் அங்கே ஒட்டியிருக்கும். விரல் போன பாதை மட்டும் தெளிவாகத் தெரிந்தால், அந்தக் கண்ணாடியைத் துடைத்து எத்தனை நாளாயிற்று என்று உங்களுக்கே தெரிந்துவிடும்.